கார்புரேட்டரில் இறால் மீசை

திருடன் வந்திருந்தான். எதையும் எடுத்துக்கொண்டு போகவில்லை. உட்கார்ந்து ரிப்பேர் செய்துவிட்டுப் போயிருந்தான்.

"இப்படி ஒரு திருடன் நம்ம ஆபீசுக்கு வரமாட்டானாக்கா?" என்றான் ஆண்ட்ரூ. "ஏர்கோன் ரொம்ப நாளா சொட்டுது."

சிம்பாங் அம்பாட்டில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய மலிவு வீடுகளின் கடைசி வரிசையில், ஒரு தகரக் கொட்டகைக்குள் திலகா குனிந்து நின்றிருந்தாள். ஐம்பதைத் தொடும் வயது. காப்புறுதிக் கம்பெனி ஒன்றில் விபத்துகளை விசாரித்துக்கொண்டிருந்தவள், அந்த வேலையை விட்டுவிட்டு மலாக்கா டவுனில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைத்திருந்தாள். ஆண்ட்ரூ அவளுடைய ஒரே உதவியாளன். முன்பு மோட்டார் சைக்கிள் பட்டறையில் இருந்தவன். கையும் ஓயாது, வாயும் ஓயாது.

அவர்களுக்கு முன்னால் நின்றது ஒரு பழைய இரட்டை சிலிண்டர் ஹோண்டா மோட்டார் சைக்கிள். ஹேண்டில் வளைந்திருந்தது. முன்விளக்கில் கண்ணாடி இல்லை. சீட்டுக்குள் எலி குடும்பம் நடத்திவிட்டுப் போயிருந்தது. டேங்கைத் தட்டினால் துரு உதிர்ந்தது. இத்தனைக்கும் நடுவில் இரண்டு கார்புரேட்டர்கள் மட்டும், புளி போட்டுத் தேய்த்த பாத்திரம் போல மினுங்கிக்கொண்டிருந்தன.

"இதை விக்கறேன்னு படம் போட்டிருந்தேன், போன வாரம் மூவார்ல இருந்து ஒருத்தர் வாங்க வந்தாரு," என்றாள் தேவிஸ்ரீ. பல் கிளினிக் ஒன்றில் தாதி. யூனிஃபார்மோடு வந்திருந்தாள். கொட்டகை வாசலிலேயே நின்றாள், உள்ளே ஒரு அடி வைக்கவில்லை. "டார்ச் அடிச்சுப் பாத்துட்டு, 'கார்ப் ரெண்டையும் யார் செஞ்சது? நல்ல கை'ன்னு கேட்டாரு. யாரும் செய்யலன்னு சொன்னேன். பொய் சொல்றேன்னு நெனச்சுக்கிட்டுப் போயிட்டாரு."

"ஒண்ணும் காணாம போகலையே. அப்புறம் எதுக்கு எங்களைக் கூப்பிட்டீங்க?" என்று கேட்டாள் திலகா.

தேவிஸ்ரீ கொஞ்சம் யோசித்தாள். "எங்கம்மா இந்த மோட்டார்ல பின்னாடி உக்காந்து போய்த்தான் செத்தாங்க மேடம். அப்ப எனக்கு எட்டு வயசு. அதுக்கப்புறம் இதை யாரும் தொட்டதில்ல. திருட வந்தவன்னா விட்டுடுவேன். ஒருத்தன் உக்காந்து துடைச்சிருக்கான். அவன் யாருன்னு எனக்குத் தெரியணும்."

"ஓட்டினது யாரு?"

"எங்கப்பா." அந்தச் சொல்லை அவள் வேண்டாத பொருளைக் கீழே வைப்பது போலச் சொன்னாள். "அவர் பேச்சை எடுக்காதீங்க மேடம், ப்ளீஸ். என்னை வளத்தது எங்க மாமா. அம்மாவோட தம்பி, பிரவின். இந்தக் கொட்டகைக்கு ரெண்டு சாவி. ஒண்ணு என்கிட்ட, ஒண்ணு அவர்கிட்ட."

பூட்டு உடையவில்லை. ஆனால் ஆண்ட்ரூ பின்சுவரின் தகரத்தைத் தடவிக்கொண்டிருந்தான். "அக்கா, இங்க பாருங்க. ஒரு தகடு முழுக்க ஸ்குரூ தலையில துரு உரிஞ்சு பளபளன்னு இருக்கு. கழட்டி உள்ள வந்து, போகும்போது ஒழுங்கா முடுக்கிட்டுப் போயிருக்கான். ரொம்ப மரியாதையான ஆளு."

"கார்புரேட்டரைக் கழற்று," என்றாள் திலகா.

அவன் கழற்றினான். இடது கார்புரேட்டர் எஞ்சினை விட்டுப் பிரிந்தபோது, நடுவே வைத்திருந்த காகித வளையம் அவன் உள்ளங்கையில் விழுந்தது.

"கேஸ்கெட் கடையில வாங்கினது இல்லக்கா. ஏதோ அட்டைப் பெட்டியை வெட்டிப் போட்டிருக்கான். வெட்டு சுத்தமா இருக்கு." மறுபக்கம் திருப்பினான். அச்சடித்த சிவப்புக் கோடுகள் இரண்டு வளைந்து ஓடின. ஓரத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. "இது என்ன, பூரான் காலா?"

திலகா வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். "மீசை. இறால் மீசை. இந்தப் புள்ளி அதோட கண்ணு."

"அப்ப இந்த மோட்டாருக்குப் பெட்ரோல் ஊத்தக் கூடாதுக்கா. மிளகாய்ச் சம்பல்தான் ஊத்தணும்."

தேவிஸ்ரீக்கே லேசாகச் சிரிப்பு வந்தது. அது வந்த வேகத்தில் போய்விட்டது. ஏனென்றால் ஆண்ட்ரூ, இடது கார்புரேட்டரின் மூடியைத் திறந்து உள்ளே டார்ச் அடித்தவன், அதற்குமேல் பேசவில்லை. அவன் பேசாமல் இருந்தால் ஏதோ இருக்கிறது என்று திலகாவுக்குத் தெரியும்.

"சொல்லு."

"இது ஸ்லைடு." சிறு தம்ளர் போன்ற ஒரு உருளையை எடுத்துக் காட்டினான். "த்ரோட்டலை முறுக்கினா இது மேல போகும், வண்டி வேகம் எடுக்கும். கையை விட்டா ஸ்பிரிங் தள்ளி இது கீழ வரணும். இது ஓடற சுவர்ல பாருங்க. ஆழமா ஒரு கீறல். ஏதோ ஒண்ணு இடுக்குல மாட்டியிருக்கு. அழுக்கைக் கழுவலாம், கீறலைக் கழுவ முடியாது."

"என்ன மாட்டியிருக்கும்?"

"இதுக்குள்ள ஒரு ஊசி தொங்கும். அதைப் பிடிச்சுக்க ஒரு குட்டிக் கிளிப். வலது பக்கக் கிளிப் பழசு, கறுத்துப் போச்சு. இடது பக்கம் மட்டும் புத்தம் புதுசு. அப்படின்னா அங்க முன்னாடி கிளிப்பே இல்லக்கா. வேற எதையோ வச்சு ஒப்பேத்தியிருக்காங்க. அது கழண்டு ஸ்லைடுக்கும் சுவருக்கும் நடுவுல சிக்கிக்கிச்சு. சிக்கினா, கையை விட்டாலும் வண்டி வேகம் குறையாது."

வாசலில் இருந்து தேவிஸ்ரீயின் குரல் வந்தது. மெல்லிய குரல். "அவரு அப்படித்தான் சொன்னாரு."

இருவரும் திரும்பினார்கள்.

"எங்கப்பா. ஆஸ்பத்திரியில எல்லார்கிட்டயும் அதையேதான் சொல்லிக்கிட்டு இருந்தாரு. நான் கையை விட்டுட்டேன், வண்டி விடலன்னு. இறக்கத்துல, ரோடு பிரியற சிம்பாங்கிட்ட, செம்பனை ஏத்தின லோரி திரும்பிக்கிட்டு இருந்துச்சாம். அவரு சொன்னதை யாரும் நம்பல. வேகமா ஓட்டி அம்மாவைக் கொன்னுட்டான்னுதான் அம்மா வீட்டுல பேசினாங்க. ஹேண்டில் வளைஞ்சு கிடந்ததால, எல்லாம் மோதினதுல கெட்டதுன்னு நெனச்சு, வண்டியைத் திறந்து பாக்கணும்னு ஒருத்தருக்கும் தோணல. கொஞ்ச நாள்ல அவரும் சொல்றதை நிறுத்திட்டாரு." கார்புரேட்டரைப் பார்த்தாள். "பொய்யா இருந்ததாலதான் நிறுத்திட்டாருன்னு நான் நெனச்சேன்."

திலகா கையிலிருந்த கேஸ்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். காப்புறுதி வேலையில் எத்தனையோ கோப்புகளில் 'அதிவேகம்' என்று ஒரே சொல் எழுதி மூடியிருக்கிறாள். அதில் எத்தனை வண்டிகளைத் திறந்து பார்த்தோம் என்று ஒரு நாளும் கேட்டுக்கொண்டதில்லை.

"அந்தக் காலத்துல இதை யார் சர்வீஸ் பண்ணுவாங்க?"

"மாமாதான். படிச்சுக்கிட்டே பட்டறையில வேலை செஞ்சாரு." சொல்லி முடித்ததும் தேவிஸ்ரீயின் முகம் மாறியது. திலகாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"சாயந்திரம் வரைக்கும் யார்கிட்டயும் எதுவும் கேக்காதீங்க," என்றாள் திலகா. "நான் சொல்றேன்."

* * *

புக்கிட் காத்தில் என்ற இடத்தில் இருந்த டிரைவிங் ஸ்கூலில், பயிற்சித் திடலின் ஓரமாக நின்று பிரவின் ஒரு பெண்ணுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும். நெற்றியில் வியர்வை, கழுத்தில் விசில்.

"எது மறந்தாலும் பிரேக் மறக்கக் கூடாதுமா. நிறுத்தத் தெரிஞ்சவங்கதான் ஓட்டத் தெரிஞ்சவங்க."

திலகா தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டாள். தேவிஸ்ரீ பெயரைக் கேட்டதும் அவர் நிழலுக்கு வந்தார். உட்காரச் சொன்னார். தான் உட்காரவில்லை.

"கொட்டகைக்குள்ள யாரோ புகுந்திருக்காங்கன்னு பாப்பா சொல்லுச்சு. நான் விட்டுத் தள்ளுன்னு சொன்னேன். பழைய இரும்பு."

"நீங்க கடைசியா எப்ப அங்க போனீங்க?"

"போறதே இல்லைங்க. சாவி வீட்டு ஆணியில தொங்குது, அவ்ளோதான்."

"மோட்டார் சைக்கிள் ஓட்ட சொல்லித் தர்றீங்களா?"

"கார் மட்டும்." சட்டென்று சொன்னார். "மோட்டார் நான் தொடறதில்ல."

ஆண்ட்ரூ திடலைப் பார்த்தபடி சொன்னான். "ஒரு காலத்துல நல்லாத் தொட்டீங்கன்னு கேள்விப்பட்டோம் அண்ணே."

பிரவின் விசிலை விரலில் சுற்றினார், அவிழ்த்தார்.

"வந்தவன் ரெண்டு கார்புரேட்டரையும் திறந்து கழுவி, புதுசா மூடியிருக்கான்," என்றாள் திலகா. "வேற எதையும் தொடல."

விசிலைச் சுற்றிக்கொண்டிருந்த அவர் விரல் நின்றது. பயிற்சிக் காரில் காத்திருந்த பெண் ஹாரன் அடித்தாள். அவர் காதில் அது விழவில்லை.

"திறந்தாங்களா?" என்றார். "திறந்தப்ப உள்ள அந்தக் கம்பி இருந்துச்சா?"

திலகா அவரையே பார்த்தாள்.

"கம்பின்னு நான் சொல்லவே இல்லையே சார்."

பிரவின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார்.

"தேவிஸ்ரீ இன்னிக்கு சாயந்திரம் என்கிட்ட பதில் கேப்பாங்க," என்றாள் திலகா. "அதுக்கு முன்னாடி நீங்களே பேசிட்டா, இதை நான் சொல்ல வேண்டியதில்ல."

அவர் தலையாட்டினாரா, தலை தானாகக் கவிழ்ந்ததா என்று சொல்ல முடியவில்லை.

* * *

"கேஸ் முடிஞ்சது," என்றான் ஆண்ட்ரூ, காரைக் கிளப்பியபடி. "பாப்பா வண்டியை விக்கப் போகுது. வாங்கறவன் திறந்து பாத்தா மாட்டிக்குவோம்னு மாமா ஓடிப் போய்க் கம்பியை எடுத்துட்டாரு. ஒரு தே ஓ டீ குடிக்கப் போலாமா?"

"சாவி ஆணியில தொங்குது. சாவி இருக்கறவர் எதுக்குத் தகரத்தைக் கழட்டணும்?"

"நம்மளைக் குழப்பலாம்னு."

"குழப்பறவன் ஸ்குரூவைத் திரும்ப முடுக்கிட்டுப் போவானா? யாரும் வந்ததே தெரியக் கூடாதுன்னுதான் முடுக்கியிருக்கான்." திலகா சீட் பெல்ட்டை இழுத்தாள். "அதை விடு. கம்பியை எடுத்தவருக்கு அது உள்ள இருந்துச்சான்னு என்கிட்ட கேக்க வேண்டிய அவசியம் என்ன?"

ஆண்ட்ரூ கியரில் வைத்த கையை எடுத்தான்.

"கம்பியை வச்சது அவரு," என்றாள் திலகா. "எடுத்தது அவரில்ல. அந்த ஒரு கேள்வியில அவரு இப்ப நடந்த குத்தத்துல இருந்து தப்பிச்சு, அப்ப நடந்த குத்தத்துல மாட்டிக்கிட்டாரு."

"அப்ப எடுத்தது யாரு?"

"இறால் மீசைக்காரன். இறால் படம் போட்டா அது கெரோப்போக், இறால் அப்பளம். அதைக் கடையில பாக்கெட்டாத்தான் விப்பாங்க. மொத்தமா அடைக்கற அட்டைப் பெட்டி நம்ம வீட்டுக்கு வராது. செய்யற இடத்துலதான் கிடக்கும். நம்ம பக்கத்துல எங்க செய்யறாங்க?"

"எங்க மாமியார் கோலா சுங்கை பாருலதான் வாங்குவாங்க. பொரிச்சா பூரி மாதிரி உப்பும். அவங்க கோவமும் அப்படித்தான்."

"அங்க போ."

* * *

கடலோரச் சாலையில் இரண்டு இடங்களில் கேட்டார்கள். இல்லை என்றார்கள். மூன்றாவது இடம் ஒரு மலாய்க்கார அம்மாவுடையது. கேஸ்கெட்டைக் கையில் வாங்கிப் பார்த்துச் சிரித்தார். பக்கத்தில் அடுக்கியிருந்த அட்டைப் பெட்டியைத் தட்டிக் காட்டினார். சிவப்பு இறால், நீண்ட மீசை, கறுப்புக் கண்.

"இங்க மோட்டார் ரிப்பேர் தெரிஞ்சவங்க யாராவது வேலை செய்யறாங்களா?" என்று திலகா மலாயில் கேட்டாள்.

"சாமியா? பெலாக்காங்," என்று அந்த அம்மா பின்பக்கம் கை காட்டினார்.

பின்பக்கம் கடலைப் பார்த்த வெட்டவெளி. மூங்கில் தட்டுகளில் இறால் கெரோப்போக் வட்டவட்டமாகக் காய்ந்துகொண்டிருந்தது. ஒரு தட்டில் குனிந்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். நரைத்த முடி, ஒல்லியான உடம்பு. அவர்களை நோக்கி நடந்தபோது இடது கால் இழுத்தது. அவருடைய கண்ணும் மூக்கும் அப்படியே தேவிஸ்ரீயுடையவை.

திலகா அவர் பெயரைக் கேட்கவில்லை. கேஸ்கெட்டை நீட்டினாள்.

தேவிஸ்ரீயின் அப்பா சாமிநாதன் அதை வாங்கிக்கொள்ளவில்லை. "பாப்பா அனுப்பிச்சதா?" என்று மட்டும் கேட்டார்.

"யார் வந்தாங்கன்னு தெரிஞ்சுக்கணும்னாங்க. நீங்கதான்னு அவங்களுக்குத் தெரியாது."

அவர் கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்தார். "தகரத்தைக் கழட்டித்தான் போனேன்மா. நான் அடிச்ச தகரம்தான். வண்டியை விக்கப் போறாங்கன்னு கூட வேலை செய்யறவர் போன்ல படம் காட்டினாரு. போறதுக்கு முன்னாடி ஒரு தடவை திறந்து பாத்துடணும்னு தோணுச்சு. இத்தனை வருஷம் தைரியம் வரல."

"பாக்கறதுக்கு என்ன தைரியம் அண்ணே?" என்றான் ஆண்ட்ரூ.

"உள்ள ஒண்ணும் இல்லாம போயிட்டா? எல்லாம் சரியா இருந்துச்சுன்னா? அப்ப நான்தானே." கைகளைத் தொடையில் தேய்த்துக்கொண்டார். "நான் சொன்னதை நானே நம்பாம போயிட்டேன் தம்பி. எல்லாரும் வேகம் வேகம்னு சொல்லிச் சொல்லி, என் கை முறுக்கினதே எனக்கு ஞாபகம் வர ஆரம்பிச்சிருச்சு. பின்னாடி இருந்த என் சம்சாரம் சாந்தி முதுகுல தட்டி, மெதுவா போங்கன்னு சொன்ன மாதிரிகூட. அவ அப்படிச் சொல்லவே இல்ல."

கடல் காற்றில் தட்டு ஒன்று படபடத்தது. அவர் எட்டி அதன்மேல் கல்லை வைத்தார்.

"கம்பி இருந்துச்சா?" என்றாள் திலகா.

"இருந்துச்சு. ஒரு துண்டு செம்புக் கம்பி, இடுக்குல நசுங்கிப் போய். கடல்ல போட்டுட்டேன்."

"நிம்மதியா இருந்திருக்குமே."

"கொஞ்ச நேரம் இருந்துச்சு. அப்புறம் அதை வச்சது யாருன்னு ஞாபகம் வந்துச்சு." தலையை ஆட்டிக்கொண்டார். "அன்னிக்குக் காலையில கல்யாணத்துக்குக் கெளம்பிக்கிட்டு இருந்தோம். பிரவின் கார்ப்பைத் திறந்து வச்சிருந்தான். 'அத்தான், கிளிப்பு தெறிச்சு எங்கயோ விழுந்துருச்சு, டவுன்ல வாங்கிட்டு வந்து போடறேன், இன்னிக்கு பஸ்ல போங்க'ன்னான். நான்தான் கேக்கல. தாலி கட்டற நேரமாச்சு, எதையாவது வச்சு மூடுடான்னு கத்தினேன். சின்னப் பையன். நான் கத்தினா பயப்படுவான். மூடிட்டான்."



"கம்பியை மட்டும் எடுத்திருக்கலாமே அண்ணே," என்றான் ஆண்ட்ரூ. அவன் குரலில் கிண்டல் சுத்தமாக இல்லை. "அத்தனையும் எதுக்குக் கழுவினீங்க?"

"ஒரு கிளிப் மட்டும் புதுசா இருந்தா, பாக்கறவன் கேப்பான்ல? எல்லாம் பளபளன்னு இருந்தா, எவனோ சர்வீஸ் பண்ணிருக்கான்னு விட்டுடுவான்னு நெனச்சேன்." கொஞ்சம் தயங்கினார். "அதுவுமில்லாம சாந்திக்கு வண்டி அழுக்கா இருந்தா பிடிக்காது."

பிறகு திலகாவை நேராகப் பார்த்தார். "அம்மா, உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன். எவனோ தெரியலன்னு சொல்லிடுங்க. அவளுக்கு அப்பன் போய் ரொம்ப நாளாச்சு. இப்ப மாமாவும் போகணுமா?"

திலகா கேஸ்கெட்டை விரலில் திருப்பினாள். இந்த மனிதர் சுமந்தது தப்பான பாரம். அதை இறக்கினால் இன்னொருவர் தலையில் விழும். இறக்காவிட்டால், பழைய கோப்புகளில் செய்ததையே மறுபடி செய்ததாகும். தெரிந்தே செய்ததாகும்.

அவளுடைய போன் அடித்தது. தேவிஸ்ரீ.

"மாமா கிளினிக்குக்கு வந்தாரு மேடம்." குரல் கரகரத்திருந்தது. "எல்லாத்தையும் சொல்லிட்டாரு. கம்பியை வச்சது அவருதானாம். ஆனா கொட்டகையைத் திறந்தது தான் இல்லன்னு சத்தியம் பண்றாரு. அப்ப யாரு மேடம் அது?"

சாமிநாதனுக்கு அந்தக் குரல் கேட்டிருக்க வேண்டும். வேண்டாம் என்று தலையை அசைத்தார். மறுபடியும் அசைத்தார்.

திலகா அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். "கோலா சுங்கை பாரு வாங்க," என்றாள். "இடத்தை ஆண்ட்ரூ அனுப்புவான்."

போனை வைத்துவிட்டுத் திரும்பியபோது அவர் அவளைப் பார்க்கவில்லை. கெரோப்போக்கைத் திருப்பிப் போட ஆரம்பித்திருந்தார். ஏற்கெனவே திருப்பிப் போட்ட தட்டையே மறுபடியும் திருப்பிக்கொண்டிருந்தார்.

* * *

'எல்' எழுத்து ஒட்டிய பயிற்சிக் கார் வாசலில் வந்து நின்றபோது வானம் கறுத்திருந்தது. தேவிஸ்ரீ முதலில் இறங்கினாள். பிரவின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

தேவிஸ்ரீ வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் வந்தாள். கேஸ்கெட்டைப் பிடித்திருந்த திலகாவைப் பார்த்தாள். பிறகு வாளியில் இருந்து எழுந்தவரைப் பார்த்தாள். அவளுக்கு யாரும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பிரவின் மெதுவாகப் பின்னால் வந்தார். "அத்தான்," என்றார். அடுத்த சொல் வர நேரமானது. "அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு வந்தேன் அத்தான். சொல்லத்தான் வந்தேன். அக்கா போயிடுச்சுன்னாங்க. எல்லாரும் உங்களைத் திட்டிக்கிட்டு இருந்தாங்க. வாயைத் திறந்தா என் பக்கம் திரும்பிடும்னு பயந்துட்டேன். நாளைக்குச் சொல்லிக்கலாம்னு நெனச்சேன். தினமும் நாளைக்கு நாளைக்குன்னே போயிருச்சு."

"எதையாவது வையின்னு சொன்னது நான்தானே," என்றார் சாமிநாதன்.

"வச்சது நான்."

"சரி. ரெண்டு பேரும்தான்."

"நீங்க ரெண்டு பேரும் பேசி முடிச்சுக்காதீங்க." தேவிஸ்ரீ கத்தவில்லை. ஆனால் இருவரும் நிறுத்திக்கொண்டார்கள். "செத்தது எங்கம்மா. ஒருத்தர் இத்தனை வருஷம் மறைச்சீங்க. இன்னொருத்தர் மறைச்சதைத் துடைச்சுப் பளபளன்னு வச்சீங்க. நான் ஒருத்தி இருக்கேன்னு ரெண்டு பேருக்கும் தோணலையா?" சாமிநாதனிடம் திரும்பினாள். "நீங்க ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமே."

அவர் சொல்லத்தான் வேண்டுமா என்று யோசிப்பது தெரிந்தது.

"வந்தேன்," என்றார் கடைசியில். "கால் கட்டு பிரிச்சதும் வந்தேன். உன் ஸ்கூல் கேட்டுக்கு."

தேவிஸ்ரீ அசையாமல் நின்றாள். அவள் கண்கள் எதையோ தேடிப் போய், தேடியதைக் கண்டுபிடித்து, அங்கேயே நின்றுவிட்டதைத் திலகா பார்த்தாள்.

"டீச்சர் கேட்டாங்க," என்றாள் தேவிஸ்ரீ, யாரையும் பார்க்காமல். "கேட்டுல நிக்கறது யாருன்னு. தெரியாதுன்னு சொன்னேன்."

"கேட்டுச்சு."

அந்த ஒரு சொல்லில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. அதனால்தானோ என்னவோ, தேவிஸ்ரீ கையால் வாயை மூடிக்கொண்டாள்.

முதல் துளி மூங்கில் தட்டில் விழுந்து தெறித்தது. சாமிநாதன் வானத்தைப் பார்த்தார். வேலைக்காரரின் அவசரம் அவருக்குள் வந்துவிட்டது. "நனைஞ்சா எல்லாம் வீணாப் போயிடும்," என்றார். பிறகு சுவரோரம் நின்றவரைப் பார்த்து, "பிரவின், சும்மா நிக்காதே. அந்தத் தட்டைப் பிடி."

பிரவின் ஓடிவந்தார். ஆண்ட்ரூ மறுமுனையைப் பிடித்தான். வாயைத் திறந்தவன், பிரவினின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தட்டை மட்டும் தூக்கினான். மலாய்க்கார அம்மாவும் திலகாவும் இன்னொரு தட்டைத் தூக்கினார்கள். துப்பறியும் அலுவலகம் நடத்துகிறவளுக்குக் கெரோப்போக் தட்டைத் தூக்குவதில் இவ்வளவு நிம்மதி இருக்கும் என்று திலகா எதிர்பார்த்திருக்கவில்லை. கேட்டவளிடம் கேட்டதைக் கொடுத்தாகிவிட்டது. சொல்ல வேண்டாம் என்று கெஞ்சியவர் முகத்தைத்தான் இன்னும் அவளால் நேராகப் பார்க்க முடியவில்லை.

மழை வலுத்தது. தாழ்வாரத்தில் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. வெளியே கடைசித் தட்டு மிஞ்சியது. சாமிநாதன் அதன் ஒரு முனையைப் பிடித்து, தனியாகவே தூக்கிவிடலாமா என்று பார்த்தார். முடியவில்லை.

தேவிஸ்ரீ வந்து மறுமுனையைப் பிடித்தாள். யூனிஃபார்ம் முழுக்க நனைந்திருந்தது. இருவரும் தூக்கினார்கள். முதல் இரண்டு அடி அவள் வேகமாக வைத்தாள். தட்டு சரிந்தது, சில வட்டங்கள் சேற்றில் விழுந்தன. இழுத்துக்கொண்டு வரும் அந்த இடது காலை அவள் அப்போதுதான் பார்த்தாள்.

அதற்குப் பிறகு அவள் அவசரப்படவில்லை. மழையில் அவர் நடக்கிற நடையே நடந்து வந்தாள்.